ஈம் கிராமத்தின் பிளேக் ஞாயிறு

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் இறுதியில் இங்கிலாந்து வரப்போவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். லண்டனை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு நாளை டார்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்துக்கு ஒதுக்குங்கள். ஆகஸ்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே பிளேக் ஞாயிறு, அதாவது முன்பு பிளேக் என்னும் கொள்ளைநோயில் இறந்த ஊர்க்காரர்களை நினைவுகூரும் நாள். பேண்டு வாத்தியம் முழங்க, பரிசுத்த லாரன்ஸ் ஆலயத்திலிருந்து ஊரே நடந்து கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்துக்குப் போகிறது. குகைபோல் வளைந்த சுண்ணாம்புப் பாறையும் புல்சரிவும்தான் அங்கே கோவில். ஆராதனை, பாட்டு, பிரசங்கம் எல்லாம் வெட்டவெளியில்.

1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையோடு கொள்ளைநோயும் வந்தது என்பார்கள். அந்தத் துணியை உலர்த்திய ஜார்ஜ் விக்கார்ஸ் அந்தச் செப்டம்பரில் முதலாவதாக இறந்தார். மறு ஆண்டு ஜூனில், நோய் அக்கம்பக்கம் பரவாதிருக்க, எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. ஆலயக் கதவை அடைத்தார்கள். டெல்ஃபில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஜெபித்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். காசோடு நோய் ஒட்டாதிருக்க, கல்லில் குடைந்த குழிகளில் காடி (வினிகர்) ஊற்றி, அதில் காசைப் போட்டு விலை கொடுத்தார்கள். இறந்தவர்களை அவரவர் வீட்டாரே புதைக்க வேண்டும். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையால் புதைத்தாள். நோய் ஓய்வதற்குள் சுமார் 260 பேர் இறந்துபோனார்கள்.

புகழெல்லாம் போதகர் வில்லியம் மோம்பெசனுக்கு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர் ஊருக்குப் புதியவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. தன் பிள்ளைகளை முன்கூட்டியே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார் (தகப்பன் மனசு, குறை சொல்ல முடியாது). மனைவி கேதரின் போக மறுத்துக் கூடவே இருந்து, 1666 ஆகஸ்ட் 25 அன்று நோயில் இறந்தார். ஆனால் ஊர் மக்கள் நம்பியது மோம்பெசனுக்கு முன்பு போதகராக இருந்த தாமஸ் ஸ்டான்லியை. அரசு விதித்த ஜெபமுறையை ஏற்காததால் பதவியிழந்தவர் அவர். கொள்கையில் எதிரெதிராக நின்ற அந்த இருவரும் சேர்ந்து பேசியதால்தான் ஊர் கட்டுப்பட்டது என்பது என் எண்ணம். 1669இல் மோம்பெசன் ஈக்ரிங் ஊருக்கு மாறியபோது, அங்குள்ளவர்கள் அவரைக் கண்டே பயந்தார்களாம். அங்கேயும் சில காலம் மரத்தடியில்தான் பிரசங்கம்.

அதே வாரத்தில் ஊர்க் கிணறுகளைப் பூவிதழ்ச் சித்திரங்களால் அலங்கரிக்கும் வழக்கமும் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மழைக்கோட்டும் மடக்கு நாற்காலியும் கொண்டு வாருங்கள், சரிவில் உட்காரச் சிரமம். ஷெஃபீல்டு வழியாக வருகிறவர்கள் முன்கூட்டியே எழுதினால், என் காரில் மூவரை அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
ஷெஃபீல்டு கிளை உறுப்பினர்