ஊர்க் கூட்டத்தில் மூளைக்காய்ச்சல் பற்றிப் பேச அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது, எதைச் சொல்வது?

வயலோரம் (கேள்வி)

வணக்கம். விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பிப்ரவரி 22 உலக மூளைக்காய்ச்சல் (என்செஃபலைட்டிஸ், அதாவது மூளை வீங்கும் நோய்) தினம். இங்கிலாந்தில் உள்ள ஓர் அமைப்பு 2014-இல் தொடங்கியது, அன்று பல நாடுகளில் பெரிய கட்டடங்களுக்குச் சிவப்பு விளக்கு போடுகிறார்கள். எங்கள் நற்பணி மன்றத்துப் பையன்களும் ஊராட்சி அலுவலகத்துக்குச் சிவப்பு சீரியல் செட் கட்டலாம் என்கிறார்கள், கட்டட்டும். ஆனால் தலைவர் அன்று சாயங்காலம் அரை மணி நேரம் பேசவும் அனுமதி கொடுத்திருக்கிறார், அதுதான் எனக்கு முக்கியம்.

போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, மறுநாள் அம்மாவையே யார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னி கண்டிருக்கிறது, பயந்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டாள், ஆனால் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அதற்கப்புறம் நான் படித்ததில் தெரிந்தது, இந்தியாவில் கொசு கடித்துப் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் 1955-இல் கண்டறியப்பட்டதே வேலூரில்தானாம். இங்கே கேட்டால் அது வடநாட்டு வியாதி என்கிறார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், வயசானவர்கள். வைரஸ் பெயரெல்லாம் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். எதை மட்டும் சொன்னால் ஒரு குழந்தையாவது சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்?

ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்

தம்பி, நல்ல காரியம். முதல் பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: காய்ச்சலோடு பிள்ளை ஆள் அடையாளம் தெரியாமல் உளறினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ, அது வீட்டில் வைத்துப் பார்க்கிற காய்ச்சல் இல்லை, உடனே 108. கயிறு கட்டுவதைத் திட்டாதீர்கள். திட்டினால் அந்தப் பாட்டிமார்கள் அடுத்த வார்த்தையைக் காதில் வாங்க மாட்டார்கள். "கயிறு கட்டணும்னா கட்டிக்கிட்டே வண்டியில் ஏறுங்க" என்று நான் சொல்வேன், கேட்டுக்கொள்வார்கள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியதை ஒரு பையனைப் படுக்க வைத்துச் செய்தே காட்டுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கழுத்துப் பட்டனைத் தளர்த்துவது, வாயில் தண்ணீரோ மருந்தோ ஸ்பூனோ எதுவும் வைக்காமல் இருப்பது, இவ்வளவுதான். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை, அந்த நேரத்தில் யாராவது போனை எடுத்தால் போதும்.

அப்புறம் தடுப்பூசி. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, நோய் பரவும் மாவட்டங்களில் அரசே இலவசமாகப் போடுகிறது. கடலூர் மாவட்டம் அதில் உண்டு. முதல் ஊசிக்கு எல்லோரும் வருவார்கள், இரண்டாவதற்குத்தான் வர மாட்டார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டான், நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். கூட்டத்துக்குத் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள், உங்கள் ஊர் நர்ஸ் அங்கேயே உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

நைட்டியூட்டி டாக்டர்

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகு நடப்பதையும் கொஞ்சம் பேசுங்கள், ஏனென்றால் அங்கேயும் நேரம் போகிறது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் பாதிக் குடும்பங்கள் கையெழுத்துப் போட மறுக்கின்றன. நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும், பிள்ளை நடக்காது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மாமாவைக் கேட்கணும், சித்தப்பா வரட்டும் என்று ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்கள். ஊசி இடுப்புக்கு அருகே, தண்டுவடம் முடிந்துபோன இடத்துக்குக் கீழேதான் இறங்குகிறது, அதனால் நடை போகாது. ஒன்றிரண்டு நாள் தலைவலி இருக்கலாம். மூளையில் இருப்பது எந்தக் கிருமி என்று அந்தச் சில சொட்டு நீர்தான் சொல்லும். இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம், ஊர்க் கூட்டத்தில் நிதானமாகச் சொன்னால் பதியும்.

இன்னொன்று, மூளைக்காய்ச்சல் என்பது ஒரே நோய் இல்லை. ஜப்பானிய வகைக்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது, அதனால்தான் தடுப்பூசி அவ்வளவு முக்கியம். ஆனால் ஹெர்ப்பிஸ் வைரஸால் வருவதற்கு அசைக்ளோவிர் என்ற ஊசி மருந்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் பத்தில் ஏழு பேர் வரை இறந்துபோவார்கள், சீக்கிரம் ஏற்றினால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றலாம். டெஸ்ட் ரிசல்ட் வரும்வரைகூடக் காத்திருக்காமல் தொடங்கிவிடுவோம். உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ், சின்ன உண்ணிப்பூச்சி கடித்து வருவது) மூளையைத் தாக்கினால் அதற்கும் டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து உண்டு. உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் 2005-இல் மூளைக்காய்ச்சலால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதற்குப் பின் வந்த வருடங்களில் அந்தப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், மூளைக்காய்ச்சலோடு வந்த பல குழந்தைகளுக்கு இருந்தது இந்த உண்ணிக் காய்ச்சல்தான் என்று தெரியவந்தது. உடம்பில் எங்காவது, குறிப்பாக அக்குள், தொடை இடுக்கில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. காய்ச்சல் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு அண்ணன்

ஒரு வேண்டுகோள். காய்ச்சல் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் தங்கைக்குக் காய்ச்சலே பெரிதாக இல்லை. காலேஜ் இரண்டாம் வருடம், திடீரென்று தூக்கம் போனது, டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றாள், அப்பாவைப் பார்த்து அலறினாள். காதல் விவகாரம் என்று ஒரு சித்தி, காத்து கருப்பு என்று இன்னொருத்தர். ஒரு வாரம் குலதெய்வக் கோயில், அப்புறம் மனநல மருத்துவர். வாய் மட்டும் தானாக மென்றுகொண்டே இருந்ததை அவர்தான் கவனித்தார், இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று அன்றே நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற வகை. ஆட்டோஇம்யூன் என்றார்கள். 2007-இல்தான் இதை மருத்துவ உலகம் தெளிவாக அடையாளம் கண்டதாம், இளம்பெண்களுக்கு அதிகம் வருமாம். சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்து அதனால் தூண்டப்படும் என்று ஸ்கேனும் எடுத்தார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுத்து மெதுவாகத் திரும்பி வந்தாள். இன்று வேலைக்குப் போகிறாள். அந்த மருத்துவருக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. நேற்று வரை நன்றாக இருந்த பெண் சில நாளில் வேறு ஆளாக மாறினால் அவள் நடத்தையைப் பேசாதீர்கள், மூளையைப் பாருங்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

நைட்டியூட்டி டாக்டர்

சரியாகச் சொன்னீர்கள். அப்படியானால் வயலோரம், "காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில மணி நேரத்தில் அல்லது சில நாளில் ஆள் மாறிப்போனால்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

வயலோரம்

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஊர்க்கோடியில் ஒரு குடும்பம் பன்றி வளர்க்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பன்றியால்தான் வருகிறது என்று நான் மைக்கில் சொன்னால் மறுநாளே அவர்களைக் காலி பண்ணச் சொல்லிச் சண்டை வரும். சொல்லாமல் விடுவதா?

கொசுப்புழு

பூச்சியியல் பிரிவில் களப்பணியாளராக இருந்தவன். அந்தக் குடும்பத்தின் மேல் பழி விழாமல் பேசுவது ரொம்ப முக்கியம். பன்றியின் ரத்தத்தில் வைரஸ் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் கொக்கு, நாரையிலும் அது இருக்கிறது, வயல் இருக்கிற ஊரில் கொக்கை யார் தடுக்க முடியும்? அதைக் கடத்துகிற க்யூலெக்ஸ் கொசு நெல் வயலில் நிற்கிற தண்ணீரில்தான் பெருகுகிறது. பன்றியைத் தொட்டால் ஒட்டாது. நோய் வந்த பிள்ளையிடமிருந்தும் யாருக்கும் பரவாது, கொசு அந்தப் பிள்ளையைக் கடித்துவிட்டு இன்னொருவரைக் கடித்தாலும்கூட. அந்தப் பெண் குழந்தையோடு மற்ற பிள்ளைகள் விளையாடலாம் என்று மைக்கிலேயே சொல்லுங்கள், அந்த வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். பன்றிப் பட்டி வீடுகளை விட்டுத் தள்ளி இருந்தால் நல்லது, அதை அவர்களிடம் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

டெங்குவுக்கு மருந்து அடிக்கிறார்களே போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். டெங்கு கொசு வீட்டுக்குடத்து நல்ல தண்ணீரில் வளர்ந்து பகலில் கடிப்பது. இது பொழுது சாய்ந்த பிறகு, மாட்டுக்கொட்டகைப் பக்கம், வெளியில் கடிப்பது. தெருவில் புகை அடித்தால் வயலில் இருக்கிற புழு சாகாது. ராத்திரி கொசுவலை, சாயங்காலம் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை. தண்ணீர் வசதி அனுமதித்தால் வயலில் எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது கொசுப்புழுவைக் குறைக்கும், தண்ணீரும் மிச்சம்.

ஓய்வுபெற்ற கிராம நர்ஸ்

ஒன்று விட்டுப்போனது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றுகிறவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது, அதனால் பீதியைக் கிளப்ப வேண்டாம். ஆனால் மூளையைத் தாக்கிவிட்டால் 30 சதவீதம் பேர் வரை இறந்துபோகலாம், பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதம் பேருக்குப் பேச்சு, ஞாபகம், கை கால், குணம் என்று ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது. பக்கத்துத் தெருப் பெண்ணின் அம்மாவைப் பார்த்து, பேச்சுப் பயிற்சிக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டார்களா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டார்களா என்று விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பிள்ளை வேண்டுமென்றே படிக்காமல் இருக்கவில்லை என்று.

வயலோரம்

அவர்கள் வீட்டுக்கு நாளைக்கே போகிறேன் அக்கா. தடுப்பூசி அட்டை விஷயத்தை எங்கள் ஊர் நர்ஸிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். வலிப்பு செய்முறைக்கு மன்றத்திலிருந்து ஒரு பையன் தயார்.