கரீபியன் தீவுகளின் சிறு விமான விபத்துகள்: பிழை விமானியுடையதா, நிறுவனத்துடையதா?

எழிலன்:
கரீபியன் தீவுகளுக்கிடையே பறக்கும் புரொப்பெல்லர் விமானம் ஒன்று விழுந்துவிட்டால், பழைய விமானம், குட்டை ஓடுபாதை, மோசமான வானிலை என்று உடனே காரணங்களை அடுக்கிவிடுகிறோம். விசாரணை அறிக்கைகளைப் படித்தால், கடைசி நிமிடத்தில் விமானி செய்ததே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருப்பது தெரியவரும். 2001 மார்ச் 24 அன்று செயின்ட் மார்ட்டினிலிருந்து செயின்ட் பார்தெலமிக்குச் சென்ற ஏர் கராயிப் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் என்ற சிறு விமானம், தரையிறங்கச் சற்று முன்பு சாய்ந்து ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 19 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். அங்கே ஓடுபாதை ஏறத்தாழ 650 மீட்டர்தான் என்பதும், குன்றின் முகட்டைத் தாண்டியதும் சட்டென்று கீழே இறங்க வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் பிரான்சின் விசாரணை அமைப்பு, விமானி விசிறிகளை (புரொப்பெல்லர்களை) பறக்கும்போதே 'பீட்டா' நிலைக்குக் கொண்டுசென்றதையே மிகவும் சாத்தியமான காரணமாகக் குறிப்பிட்டது. பிளேடுகளின் கோணம் குறைந்து, உந்துவதற்கு மாறாகத் தடுக்கத் தொடங்கும் அந்த நிலை தரைக்கு உரியது. வானில் இரண்டு விசிறிகளும் சம அளவில் அதற்குள் போகாவிட்டால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த உயரத்தில் அதை மீட்க நேரம் கிடைக்காது. இதற்கு ஓடுபாதையின் நீளத்தையா குறை சொல்வது?

பட்டறைக்காரன்:
சிறு விமானங்களின் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்துப் பிழைப்பவன் என்ற முறையில் இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசிறிகளின் உந்துவிசை சமமாக இல்லாததால் ஒரு விமானம் புரண்டது என்றால், அதை விமானியின் கைதான் செய்தது என்று ஆகிவிடாது. 1987 மே 8 அன்று போர்ட்டோ ரிக்கோவின் மயாகுவெஸில் தரையிறங்க வந்த அமெரிக்கன் ஈகிளின் காசா 212 விமானமும் இப்படித்தான் கட்டுப்பாட்டை இழந்தது. இரண்டு விமானிகளும் இறந்தனர், பயணிகள் நால்வர் பிழைத்தனர். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட முதன்மைக் காரணம், விசிறிப் பிளேடின் கோணத்தையும் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் அளவையும் பராமரிப்பின்போது தவறாக அமைத்துவிட்டது. பட்டறையில் செய்த பிழை விமானியின் கையில் வந்து வெடித்தது.

இன்னும் தெளிவான சான்று 2005 டிசம்பர் 19 அன்று நடந்தது. மயாமியிலிருந்து பஹாமாசின் பிமினிக்குப் புறப்பட்ட சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கடல்விமானம் வலது இறக்கை பிய்ந்து விழுந்து 20 பேரைக் கொன்றது. 1947இல் கட்டிய குரும்மன் மல்லார்டு அது. அதன் இறக்கையே எரிபொருள் தொட்டி. அதில் மீண்டும் மீண்டும் கசிவு ஏற்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே சீலன்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசி அடைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் உலோகச் சோர்வால் (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு உலோகம் வலுவிழப்பதால்) உண்டான விரிசல் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. கசிவு என்பது உலோகம் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடைத்துவிட்டு விமானத்தை அனுப்பியவர்களையும், அதைக் கண்டுபிடிக்கத் தவறிய அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பையும் அறிக்கை குறை கூறியது. அந்த விமானிகள் என்ன செய்திருக்க முடியும் என்று நண்பர் எழிலன் விளக்கட்டும்.

எழிலன்:
ஒன்றும் செய்திருக்க முடியாது. மயாமி எப்போது கரீபியன் ஆயிற்று என்று கேட்கத் தோன்றினாலும், பிமினியை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். 'பெரும்பாலும்' என்றுதான் நான் எழுதினேன்.

தெற்குக்காற்று:
நீங்கள் இருவரும் வானிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டீர்கள். 2010 நவம்பர் 4 அன்று சாண்டியாகோ தே கியூபாவிலிருந்து ஹவானா நோக்கிச் சென்ற ஏரோ கரீபியன் ஏடிஆர் 72 விமானம் குவாசிமால் அருகே விழுந்து 68 பேரும் இறந்தனர். கியூப விசாரணையாளர்கள் முதலில் சொன்னது கடுமையான உறைபனிப் படிவை. கரீபியன் என்றவுடன் கடற்கரை வெயிலை நினைக்கிறோம். 20,000 அடி உயரத்தில், மேகத்துக்குள், வெப்பமண்டலத்திலும் இறக்கையின் விளிம்பில் பனிக்கட்டி கட்டும். இப்படிப் புரொப்பெல்லரால் பறக்கும் டர்போபுரொப் விமானங்கள் ஜெட் விமானங்களைப் போல மேகங்களுக்கு மேலே ஏறிப் பறக்க முடியாததால் அந்த உயரத்திலேயே நெடுநேரம் இருக்க வேண்டியிருக்கிறது.

எழிலன்:
அதே அறிக்கை, அந்தச் சூழலை விமானிகள் கையாண்டதில் நேர்ந்த பிழைகளையும் சேர்த்தே சொன்னது, ஐயா. பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டறைக்காரன் பதில் சொல்ல வேண்டியது 2009 அக்டோபர் 22 விபத்துக்கு. டச்சுக் கரீபியன் தீவான குராசவிலிருந்து பக்கத்துத் தீவான பொனேருக்குச் சென்ற டிவி டிவி ஏர் நிறுவனத்தின் ஐலாண்டர் விமானத்தில் புறப்பட்ட சிறிது நேரத்தில் வலது எஞ்சின் நின்றுபோயிற்று. புறப்பட்ட இடம் அருகிலேயே இருக்கும்போது விமானி திரும்பாமல் பொனேரை நோக்கித் தொடர்ந்தார். உயரம் குறைந்துகொண்டே வந்து, கரையை எட்டும் முன் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. ஒன்பது பயணிகளும் பிழைத்தனர். மோதலில் நினைவிழந்த விமானியை இருக்கையிலிருந்து விடுவிக்கப் பயணிகள் முயன்றும் முடியாமல், அவர் விமானத்தோடு மூழ்கினார். ஒன்பது உயிர்களைக் காப்பாற்றும்படி கடலில் இறக்கியவர் என்பதால் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் திரும்பாதது அவருடைய முடிவுதானே?

பட்டறைக்காரன்:
அவருடைய முடிவுதான். ஆனால் இரண்டு எஞ்சின் உள்ள விமானம் ஒன்றில் ஏன் உயரத்தைத் தக்கவைக்க முடியவில்லை என்று கேளுங்கள். இரட்டை எஞ்சின் என்ற பெயரே பயணிக்குப் பொய்யான தைரியத்தைத் தருகிறது. எஞ்சின் ஒன்று நின்றால் போவது பாதி சக்தி மட்டுமல்ல, மேலே ஏறுவதற்கென்று மிச்சமிருந்த சக்தி ஏறக்குறைய முழுவதும். அந்த மிச்சத்தைச் சுமை முன்கூட்டியே தின்றுவிட்டிருந்தால் விமானம் இறங்கிக்கொண்டேதான் போகும். டச்சுப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டது இதைத்தான்: விமானம் அனுமதித்த எடையை மீறிப் புறப்பட்டிருந்தது. பயணி ஒருவருக்கு 160 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 73 கிலோ என்று வைத்துத் தாளில் கணக்கெழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேர் ஆளுக்குப் பத்துக் கிலோ கூடுதலாக இருந்தாலே 90 கிலோ ஆகிவிடும். மூன்று டன்னுக்குள் பறக்க வேண்டிய விமானத்துக்கு அது சிறிய எடையல்ல. இது ஒரு நாள் தவறும் அல்ல, வழக்கமாகவே நடந்துவந்த நடைமுறை. ஒவ்வொரு நாளும் அந்தத் தாளில் கையெழுத்திட்டுப் பறக்கும்படி அமைந்த வேலை அது.

தெற்குக்காற்று:
2012 அக்டோபர் 7 அன்று ஆன்டிகுவாவில் புறப்பட்டவுடனே விழுந்த ஃப்ளை மொன்செராட் ஐலாண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலது எஞ்சினின் எரிபொருளில் தண்ணீர். மழையில் நின்றிருந்த விமானத்தில், எரிபொருள் ஊற்றும் வாய் வழியாக இறங்கிய நீர். நால்வரில் மூவர் இறந்தனர். மழை வானிலைக் கணக்கில் வருமா, பராமரிப்புக் கணக்கில் வருமா?

எழிலன்:
புறப்படும் முன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளை வடித்துப் பார்ப்பது விமானியின் அன்றாடக் கடமை. மழை பெய்த காலையில் அது இரட்டிப்புக் கடமை.

பட்டறைக்காரன்:
நீர் புகாத மூடி அமைப்பது யாருடைய கடமை? வடித்துப் பார்ப்பது கடைசித் தடுப்பு. கடைசித் தடுப்பை மட்டும் விசாரித்துவிட்டு முதல் தடுப்பை விட்டுவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். எடை விஷயத்திலும் அப்படியே: தராசு ஒன்றை வைத்துப் பயணியையும் பையையும் சேர்த்து நிறுத்துவிட்டு ஏற்றினால், அதைத் தீர்மானிக்க வேண்டிய நிலையே விமானிக்கு வராது.

எழிலன்:
தராசை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் தராசு ஒன்பதாவது பயணியை இறக்கிவிடச் சொல்லும்போது, "முடியாது, அவர் இறங்கினால்தான் புறப்படுவேன்" என்று நிறுவனத்திடம் சொல்ல வேண்டியவர் அப்போதும் விமானிதான்.