பள்ளத்து சென்சார் வந்தால் மேட்டு சென்சார் போய்விடுகிறது

எமரால்டு_உருளை:

எங்களுக்கு நீலகிரி எமரால்டு பக்கம் முக்கால் ஏக்கர் உருளைக்கிழங்கு. போன வருடம் ஒரே ராத்திரி உறைபனியில் பள்ளத்துச் செடியெல்லாம் வெந்நீர் ஊற்றினாற்போல் கருகிவிட்டது. நேரத்துக்கு ஸ்பிரிங்ளர் போட்டிருந்தால் தப்பித்திருக்கும். அதனால் இந்தத் தடவை ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டு இரண்டு வாங்கி, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் சேர்த்து, பள்ளத்தில் ஒன்று, மோட்டார் ஷெட் மேட்டில் ஒன்று வைத்தேன். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மொஸ்கிட்டோ என்ற புரோகிராம் ஓடுகிறது. போர்டுகள் நிமிடத்துக்கு ஒரு முறை எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பும் முறை) வழியாக அதற்கு வெப்பநிலையை அனுப்பும். அடுப்படியில் மாட்டிய பழைய போன் அதைக் காட்டும். 2 டிகிரிக்குக் கீழே போனால் அலறும். எல்லாம் வீட்டு வைஃபைக்குள்தான். இன்டர்நெட்டை நம்பினால் மேகம் இறங்கும்போதெல்லாம் அம்போதான்.

ஒரு போர்டு மட்டும் இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாவதுக்குக் கரண்ட் கொடுத்ததும் இரண்டும் மாறி மாறித் துண்டிக்கின்றன. இது போதாதென்று, நேற்று ராத்திரி முழுக்க போன் 6.5 என்றே காட்டியது. விடியற்காலை அப்பா புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "உன் மிஷின் தூங்குது, நீயாவது எந்திரி" என்றார். வெள்ளையாகப் படிந்திருந்தது. நல்லவேளை, லேசான பனி.

சிம்மூன்று:

ரெண்டு போர்டுக்கும் ஒரே ஐபி (நெட்வொர்க் முகவரி) போயிருக்கும். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

எமரால்டு_உருளை:

பார்த்தேன். ஐபி ஒன்றுக்கு 23 என்று முடிகிறது, மற்றதுக்கு 31. மொஸ்கிட்டோ லாகில் (பதிவில்) "ஏற்கெனவே இணைந்திருக்கிறது, பழைய இணைப்பை மூடுகிறேன்" என்கிற மாதிரி ஒரே வரி நூறு தடவை இருக்கிறது.

கம்பி_வேலை:

அந்த வரியிலேயே விடை இருக்கிறது. முதல் போர்டின் புரோகிராமை அப்படியே இரண்டாவதிலும் ஏற்றியிருப்பீர்கள், டாப்பிக் பெயரை (செய்தியின் தலைப்பை) மட்டும் மாற்றி. கிளையன்ட் ஐடியை, அதாவது போர்டு மொஸ்கிட்டோவிடம் சொல்லும் தன் பெயரைப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அதே ஐடியில் இன்னொருவர் வந்தால் பழையவரை வெளியே அனுப்ப வேண்டும் என்பது எம்க்யூடிடி விதி. வெளியே போனவர் உடனே திரும்பி வந்து மற்றவரைத் தள்ளுகிறார். ஒரே டோக்கனோடு இரண்டு பேர் ரேஷன் கடை வரிசையில் நின்ற கதை. ஐடியின் வாலில் போர்டின் மேக் முகவரியை (போர்டுக்குப் போர்டு மாறும் எண்) சேர்த்துவிடுங்கள், எத்தனை போர்டு வந்தாலும் ஒரே புரோகிராம் போதும்.

6.5 வேறு வியாதி. அனுப்பும்போது ரீட்டெய்ன் போட்டிருக்கிறீர்களா? போட்டால் கடைசியாக வந்த எண்ணை மொஸ்கிட்டோ பத்திரமாக வைத்துக்கொண்டு, போன் எப்போது இணைந்தாலும் அதையே எடுத்து நீட்டும். போர்டு செத்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தாலும் நீட்டும். வெப்பநிலைக்கு ரீட்டெய்னை எடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் எதுவும் வராவிட்டால் போன் எண்ணை அழித்துவிட்டு அலறட்டும். நேரத்தைப் போர்டிலிருந்து அனுப்பப் பார்க்காதீர்கள். இன்டர்நெட் இல்லாமல் அதற்கு மணி தெரியாது.

சிம்மூன்று:

எதுக்கு இவ்வளவு? யூடிபி பிராட்காஸ்ட்ல, அதாவது நெட்வொர்க்ல இருக்கிற எல்லாருக்கும் பொதுவா 255.255.255.255க்கு அனுப்பினா யார் வேணும்னாலும் கேட்டுக்கலாம். மொஸ்கிட்டோவே வேண்டாம்.

கம்பி_வேலை:

ஒரே அறைக்குள் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். வைஃபையில் ஒருவருக்கென்று போகும் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். ரூட்டர் எல்லோருக்குமாக விடும் பிராட்காஸ்டுக்கு அந்தப் பேச்சே இல்லை, போனது போனதுதான். அடுப்படிப் போன் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

பென்ஷன்_எஸ்டேட்:

தம்பி, நெட்வொர்க் சமாச்சாரம் எனக்குப் புரியாது. தேயிலையில் பனி பார்த்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சென்சார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? காற்றில்லாத, வானம் தெளிந்த ராத்திரியில் தரை சூட்டை விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் தேங்கும். நாலடிக் கம்பத்தில் 3 டிகிரி இருக்கும்போதே புல்லில் பனி உறைந்து கிடக்கும். இலை மட்டத்துக்கு இறக்குங்கள். அப்புறம், ஸ்பிரிங்ளரை ஆரம்பித்தால் வெயில் ஏறிப் பனி கரையும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் உறையும்போது விடுகிற சூடுதான் செடியைக் காப்பாற்றுகிறது. பாதியில் நிறுத்தினால் ஈரம் காய்ந்து இன்னும் குளிரும்.

எமரால்டு_உருளை:

ஐடி ஒன்றேதான், அண்ணா. மாற்றியதும் இரண்டும் சமர்த்தாக ஓடுகின்றன. ரீட்டெய்னும் போட்டுத்தான் வைத்திருந்தேன். லாகில் பள்ளத்துப் போர்டு ராத்திரி பத்தரைக்கே நின்றிருக்கிறது, பேட்டரி காலி. அந்தப் பத்தரை மணிக் கணக்கைத்தான் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார், கம்பத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டியிருந்தேன். நேற்று சாயங்காலம் இலை மட்டத்துக்கு இறக்கிவிட்டேன். மூன்றரை மணிக்குப் பள்ளம் 1.8, மேடு 4.2. போன் அலறியது, மோட்டார் போட்டோம், வெயில் வரும்வரை நிறுத்தவில்லை.

இடையில் ஒரு தடவை 85 டிகிரி என்று வந்து அம்மாவைப் பயமுறுத்திவிட்டது. அது என்ன?

கம்பி_வேலை:

சென்சாருக்கு மின்சாரம் வந்ததும் அதன் உள்ளே இருக்கும் ஆரம்ப எண் 85. அளந்து முடிப்பதற்குள் படித்தாலும், வயர் ஆடி நடுவில் சப்ளை விட்டு வந்தாலும் அதுதான் வரும். −127 வந்தால் சென்சாரே பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். இரண்டையும் அனுப்பாமல் வடிகட்டிவிட்டு, பள்ளத்து ஜாயின்டைத் திறந்து பாருங்கள், ஈரம் இறங்கியிருக்கும்.