நம்ம பக்கத்து டிபிஏக்களே (டேட்டாபேஸைப் பாத்துக்கிறவங்களே), உங்க மனசை விட்டுப் போகாத ஒரு ராத்திரியைச் சொல்லுங்க

கானாடுகாத்தான் முகப்பு

நானே ஆரம்பிக்கிறேன். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம், வீடு முழுக்க ஆள். ராத்திரி ஒன்றரைக்கு போன். ஓஆர்ஏ-00257, லாக் எழுதி வைக்க இடமில்லாம ஆரக்கிள் டேட்டாபேஸ் நிக்கிறப்ப வர்ற எர்ரர். இங்க இருக்கிறவங்களுக்கு அதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

உள்ள சிக்னல் நுழையாது, அதனால முகப்புத் திண்ணையில லேப்டாப்போட உக்காந்தேன். ஆர்கைவ் லாக் (டேட்டாபேஸ்ல நடந்த மாற்றங்களை எழுதி வைக்கிற ஃபைல்) பேக்கப் ரெண்டு நாளா ஃபெயில். மெயில் வந்திருக்கு, யாரும் திறக்கல. மாசக் கடைசி பேட்ச் ஜாப் ஓடி மிச்ச இடத்தையும் தின்னுருச்சு. டேட்டாபேஸ் அப்படியே நிக்குது, கான்ஃபரன்ஸ் கால்ல பதினோரு பேர்.

ஷிஃப்டுல இருந்த பையன் சேந்து எட்டு மாசம். பதட்டத்துல ஓஎஸ்ல போய் லாக் ஃபைல்களை ஆர்எம் (அழிக்கிற கட்டளை) அடிச்சுட்டான். டிஸ்க்ல இடம் வந்துருச்சு, ஆனா டேட்டாபேஸ் மட்டும் இன்னும் நிறைஞ்சிருக்குன்னே சொல்லுது. ஃபைல் போனது, கணக்கு வச்சிருக்கிற கன்ட்ரோல் ஃபைலுக்குத் தெரியாதுல்ல. ஆரக்கிளோட பேக்கப் கருவி ஆர்மேன்ல கிராஸ்செக் போட்டு, ஃபைல் இல்லாம எக்ஸ்பையர்டுன்னு ஆனதை டெலீட் பண்ணினதும் ஓட ஆரம்பிச்சுது. அப்புறம்தான் பாத்தோம், ஸ்டாண்ட்பைக்கு (வேற இடத்துல ஓடுற நகல் டேட்டாபேஸுக்கு) போற லிங்க் சாயங்காலத்துல இருந்தே படுத்திருக்கு. அழிச்சதுல நாப்பத்திச் சொச்சம் லாக் அங்க போய்ச் சேரவே இல்ல.

அப்பதான் நான் கத்தினேன். "யாரைக் கேட்டுடா அழிச்ச?" பதினோரு பேர் கேக்க. அந்தப் பக்கம் பேச்சே இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு "சாரிண்ணே"ன்னு ஒரு வார்த்தை. மேனேஜர் அவனைக் கால்ல இருந்து இறக்கிட்டார்.

நாலு மணிக்கு மேளக்காரங்க வந்து திண்ணையில பக்கத்துலயே சுதி சேத்தாங்க. ரெண்டு மணிக்கே ஷிஃப்ட் முடிஞ்ச என் சிநேகிதன் ஒருத்தன் அது வரைக்கும் சென்னையில உக்காந்திருந்தான். "நீ போய் அப்பச்சி தாலி கட்டுறதைப் பாரு, ஸ்டாண்ட்பையை நான் பாத்துக்கிறேன்"னான். போனேன். பாத்தேன். ஆனா அன்னைக்கு எடுத்த போட்டோ எதைப் பாத்தாலும் எனக்கு அந்தப் பையன் மூச்சுதான் கேக்குது. நாலு வருஷம் ஆச்சு.

புதுவயல் மில் ரோடு

நான் பெரிய கம்பெனி ஆள் இல்லை. நாலஞ்சு அரிசி மில்லுக்கு மைக்ரோசாஃப்டோட இலவச டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போட்டுக் கொடுத்துப் பாத்துக்கிறேன். எக்ஸ்பிரஸ்ல வேலையை நேரத்துக்குத் தானா ஓட்டுற ஏஜென்ட் கிடையாதுன்னு தெரியும்தானே, பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டிருந்தேன். மில்லுல யாரோ கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க. அன்னையோட டாஸ்க் நின்னுபோச்சு. பத்தொம்பது நாள் எனக்குத் தெரியாது.

அறுவடை நேரம், லோடு லோடா நெல்லு வருது, கரண்டு போயிப் போயி வந்து டிஸ்க் செத்துருச்சு. முதலாளி என்னைத் திட்டவே இல்ல. கணக்குப்பிள்ளையைப் பாத்தார், அவ்வளவுதான். அவர் மேசைக்கு அடியில இருந்து நீளக் கணக்குநோட்டை எடுத்தார். கம்ப்யூட்டர் வந்து ஆறு வருஷம், அத்தனை நாளும் எடைச்சீட்டைப் பாத்து நோட்டுலயும் எழுதிக்கிட்டே இருந்திருக்கார். நான் ரெண்டு மூணு தடவை "இது எதுக்குங்கய்யா ரெட்டை வேலை"ன்னு கேட்டிருக்கேன்.

ராத்திரி முழுக்க அவர் வாசிக்க நான் அடிச்சேன். வண்டி நம்பர், மூட்டை, எடை, ஈரப்பதம். ஒரு இடத்துல கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு, "தம்பி, எங்கயாச்சும் விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க, மறுபடி வாசிக்கிறேன்"னார். விட்டது நானு. கேக்கிறது அவரு.

தேவகோட்டை ரஸ்தா

கானாடுகாத்தான் அண்ணன் மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை. எட்டு மாதம் ஆனவன் கையில் ப்ரொடக்‌ஷன் சர்வரின் ஆரக்கிள் யூசரைக் கொடுத்தது யார்? ரெண்டு நாள் மெயிலைத் திறக்காதது யார்? பதினோரு பேரும்தானே. திட்டு மட்டும் ஒருவனுக்கு.

என் கதை சின்னது. ஒரு வருடம் தவறாமல் எடுத்த பேக்கப்பை முதல் தடவை ரிஸ்டோர் செய்யப் போனேன். ஃபைலின் அளவு சைபர். அந்தச் சைபரை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இனிமேல் யாருக்கும் அது வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன். லாக்கும் பேக்கப்பும் வைக்கிற ரெகவரி ஏரியா நிறைந்துவிட்டால் முதலில் எதையும் அழிக்காதீர்கள். டிஸ்கில் இடம் இருந்தால் அந்த ஏரியாவின் உச்சவரம்பான டிபி_ரெகவரி_ஃபைல்_டெஸ்ட்_சைஸ் அளவைக் கூட்டுங்கள். ஆல்டர் சிஸ்டம் கட்டளை ஒரு வரி, ரீஸ்டார்ட் வேண்டாம். டேட்டாபேஸ் உடனே மூச்சு விடும், பிறகு நிதானமாக யோசிக்கலாம். அடுத்து, ஆர்மேனில் ஆர்கைவ்லாக் டெலீஷன் பாலிசியை 'அப்ளைட் ஆன் ஆல் ஸ்டாண்ட்பை' என்று வையுங்கள். ஸ்டாண்ட்பை வாங்கித் தன்னில் ஏற்றிக்கொள்ளாத லாக்கை ஆர்மேன் தானாக அழிக்காது. மூன்றாவது, அந்த ஏரியா 85 சதவீதம் நிறைந்ததும் ஆரக்கிளே எச்சரிக்கை எழுதும், 97ல் கிரிட்டிக்கல் என்று எழுதும். அதை மெயிலுக்கு அனுப்பாதீர்கள், போன் அடிக்கும்படி வையுங்கள். மெயில் யாரும் படிப்பதில்லை.

மெயில் என்றதும் 2017 ஜனவரி 31 ஞாபகம் வருகிறது. புரோகிராம் கோடு வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேபில் ஒரு எஞ்சினியர் செகண்டரி (நகல்) சர்வர் என்று நினைத்து பிரைமரியின் (அசலின்) டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 ஓடிக்கொண்டிருக்க, பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவியோ 9.2. அதனால் பேக்கப்பே விழவில்லை. தோல்வியைச் சொல்லும் மெயிலும், அனுப்பியவர் நிஜமா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தள்ளுபடி ஆகி யாருக்கும் போகவில்லை. யாரோ ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். அவர்கள் அந்த எஞ்சினியரின் தலையில் கட்டவில்லை. நடந்ததை வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள், மீட்கிற வேலையை நேரலையிலும் காட்டினார்கள்.

மாதம் ஒரு நாள், வேறு ஒரு மெஷினில், முழு ரிஸ்டோர். அதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். புதுவயல் நண்பருக்கும் இதையே சொல்கிறேன். கணக்குநோட்டைப் பாராட்டுவது சரி, ஆனால் அது ஏற்பாடு ஆகாது.

புதுவயல் மில் ரோடு

ரஸ்தா சார், வேறு மெஷின்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. மில்லுல இருக்கிறதே ஒரு கம்ப்யூட்டர், அதுலயும் பாதி நாள் தவிட்டுத் தூசி. நான் இப்ப தினமும் சாயங்காலம் ஒரு பென் டிரைவ்ல எடுத்து வீட்டுல என் லேப்டாப்புல ரிஸ்டோர் பண்ணிப் பாக்கிறேன். நோட்டும் தொடருது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது.

பள்ளத்தூர் ஆச்சி மகள்

பேக்கப் பத்தி நீங்க பேசிக்குங்க. என்னோடது பேக்கப்பால் தீராத விஷயம்.

ஒரு நகரக் கோயிலின் (நகரத்தார் கோயிலின்) புள்ளிக் கணக்கை, அதாவது கல்யாணமான குடும்பங்களைப் புள்ளியாகச் சேர்த்து எழுதும் பட்டியலை, கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வெளியூர் ஆள் ஒருவர் டேபிள் போட்டுக் கொடுத்து, டேட்டாவையும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். ஊர்ப்பிள்ளை என்பதால் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. சம்பளத்துக்கு இல்லை.

புள்ளி வரி வாங்குகிற சமயம். நான் கோயில் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆச்சி, எழுபத்தைந்து வயதிருக்கும், கண்டாங்கிச் சேலை, கையில் மஞ்சள் பை. பையில் முப்பது வருட ரசீது, வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி. பட்டியலில் அவர்கள் வீட்டைக் காணோம். ரெண்டு தடவை தேடினேன். ஆச்சி என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்கள்: "ஏன் ஆத்தா, வீட்டு ஆம்பளை உசுரோட இருக்கையிலேயே எங்க புள்ளியை எடுத்துட்டீகளா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கல்யாணமானதும் புள்ளியாகச் சேர்த்துக்கொள்வதும், அந்தக் கணக்கில் இருப்பதும் நம்ம ஊரில் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று ராத்திரி டேபிளைத் திறந்தேன். இனிஷியலுக்கு ஒதுக்கிய அளவு வார்கேர்2(4). நாலு எழுத்து போதும் என்று நினைத்திருக்கிறார். அது நாலு எழுத்து இல்லை, நாலு பைட். எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், கொம்பு, சுழி, புள்ளிக்குத் தனியாக இன்னொரு மூன்று. 'கோ' ஆறு பைட். 'ஸ்ரீ' பன்னிரண்டு. வெளியூரில் இனிஷியல் ஒற்றை எழுத்து, நமக்கு அப்படியா? சுப., சித., கரு., ராம., லெட்சு. 'சுப.' மட்டுமே பத்து பைட். ஏற்றும்போது ஓஆர்ஏ-12899 வந்திருக்கும், கொள்ளவில்லை என்று ஆரக்கிள் நேர்மையாகச் சொல்லியிருக்கும். அவர் அதைக் கேட்காமல் சப்ஸ்டர்பி போட்டு நறுக்கி ஏற்றியிருக்கிறார். 'சுப.' என்பதும் 'ச', 'சித.' என்பதும் 'ச'. அதற்கு மேல், ஒரே இனிஷியல், ஒரே பெயர், ஒரே ஊர் என்றால் டூப்ளிகேட் என்று ஒன்றை நீக்கியிருக்கிறார். நம்ம ஊரில் பாட்டன் பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம். ஒரே ஊரில் எத்தனை மெய்யப்பன், எத்தனை பழனியப்பன். சுப. மெய்யப்பன் வீடும் சித. மெய்யப்பன் வீடும் ஒரே வரியாகிவிட்டது.

வெட்டின பைட்டை எந்த பேக்கப்பும் திருப்பித் தராது, அது உள்ளே போகவே இல்லை. பழைய பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். காலேஜில் கூடப் படித்த மூன்று பேர், ஒருத்தி துபாயில், ஒருத்தி கோவையில், ஒருத்தன் பெங்களூரில். யாரும் செட்டிநாட்டுக்காரர்கள் இல்லை, புள்ளி என்றால் என்னவென்று அவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு ராத்திரி வீடியோ காலில், பேரேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப அனுப்ப, வரி வரியாகச் சரிபார்த்தார்கள். இருபத்தேழு வீடு காணாமல் போயிருந்தது. இனிஷியல் நெடுவரிசையை 40 கேர் என்று மாற்றினோம், பைட் இல்லை, கேர், அதாவது எழுத்துக் கணக்கு. டேபிள் போடுகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு சொல்லை எழுதுங்கள்.

ஆச்சி வீட்டுக்கு நானே போய் ரசீது கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்து, இனிஷியல் மேல் விரலை வைத்து, "சுப. இருக்கு" என்றார்கள். வெள்ளைப் பணியாரம் கொடுத்தார்கள். சாப்பிட முடியவில்லை, கட்டிக்கொண்டு வந்தேன்.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி மகள் சொன்னது சரி. என்எல்எஸ்_லெங்த்_செமான்டிக்ஸ் என்ற அமைப்பை கேர் என்று வைத்தால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனியாக எழுத வேண்டியதில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் ஏற்கெனவே இருக்கிற டேபிளை அது மாற்றாது, அதனால் நீங்கள் செய்ததுதான் வழி.

கோட்டையூர் காலனி

எனக்கு இதுல சேந்து ரெண்டு வருஷம்தான். முதலாவது அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து ஒரு மாதிரி இருக்கு, அதனால எழுதுறேன்.

சம்பள டேபிள்ல அப்டேட் போட்டேன். எந்த வரியை மாத்தணும்னு சொல்ற வேர் (WHERE) விட்டுப்போச்சு. மாத்தினதை உறுதியாக்குற கமிட்டும் அடிச்சுட்டேன். 'ஒரு வரி அப்டேட் ஆச்சு'ன்னு வர வேண்டிய இடத்துல நாலாயிரத்துச் சொச்சம்னு வந்துச்சு. கை ரெண்டும் மரத்துப்போச்சு.

என் சீனியர் அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, "கீபோர்டுல இருந்து கையை எடு. மணி என்ன, சொல்லு"ன்னாங்க. பதினொண்ணு இருபதுன்னேன். "எத்தனை மணிக்கு அடிச்ச?" பதினொண்ணு பதினாறு. "அப்ப பதினொண்ணு பதினஞ்சுல டேபிள் எப்படி இருந்துச்சுன்னு கேளு"ன்னாங்க. அப்படிக் கேக்கிறதுக்குத்தான் ஆஸ் ஆஃப் டைம்ஸ்டாம்ப். பழைய மதிப்பை வச்சிருக்கிற அன்டு (undo) இன்னும் அழியல, அத்தனை சம்பளமும் அப்படியே வந்துச்சு. அதை ஒரு தனி டேபிள்ல போட்டு எடுத்து வச்சு, என்னையே திருத்த வச்சாங்க. அவங்க கையை வைக்கவே இல்ல. சாயங்காலம் மேனேஜர் கேட்டப்ப, "நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம்"னாங்க.

அந்த அக்கா இப்ப வேற கம்பெனி. யார் எங்கிட்ட தப்பு பண்ணிட்டு வந்தாலும் நான் முதல்ல மணி என்னன்னுதான் கேக்கிறேன்.

கானாடுகாத்தான் முகப்பு

எல்லாத்தையும் படிச்சேன். ரஸ்தா அண்ணே, நீங்க சொன்னது வலிச்சுது, ஆனா உண்மை. அந்த மெயில் வந்த பட்டியல்ல என் பேரும் இருந்துச்சு. முதல்ல எழுதினப்ப அதை எழுதல.

கோட்டையூர் தங்கச்சி எழுதினதைப் படிச்ச ராத்திரி தூக்கம் வரல. பழைய டீம் ஆள் ஒருத்தர்கிட்ட அந்தப் பையன் நம்பர் வாங்கினேன். இப்ப ஹைதராபாத்ல இருக்கான், இதே வேலைதான். போன் பண்ண தைரியம் இல்ல, எழுதி அனுப்பினேன். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினது தப்பு, மெயிலைப் பாக்காம விட்டது நான், மன்னிச்சுக்கன்னு.

ரெண்டு நாள் பதில் வரல. இன்னைக்குக் காலையில காரைக்குடி ஸ்டேஷன்ல பல்லவன் ஏறப் போறப்ப வந்துச்சு.

"பரவால்லண்ணே. ஒண்ணு மட்டும் கேக்கணும். என்னைக் கால்ல இருந்து இறக்கிட்டாங்க, அப்புறம் யாரும் சொல்லல. அன்னைக்கு ஸ்டாண்ட்பை கடைசியில சேந்துச்சா?"

சேந்துச்சுடா. ஸ்டாண்ட்பை நின்ன எஸ்சிஎன்ல (மாற்றங்களோட வரிசை எண்ல) இருந்து, மாறினதை மட்டும் எடுக்கிற இன்கிரிமென்டல் பேக்கப் எடுத்து, அங்க கொண்டுபோய் ரெகவர் பண்ணி, மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சேந்துச்சு. திருச்சி வர்ற வரைக்கும் அவனுக்கு அதை ஒவ்வொரு படியா எழுதிக்கிட்டே வந்தேன்.