டெங்குவில் பிளேட்லெட் குறைந்தால்: வார்டில் பார்ப்பவை

வார்டு டாக்டர்:
"பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான் உறவினர்களின் முதல் கேள்வி. நாங்கள் முதலில் பார்ப்பது பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்; நீர் கசிந்தால் ஏறும்), நாடி, பிரஷர், சிறுநீர். டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிந்து, உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத ஷாக்கில் போய் முடிவதால்தான். 35 இருந்த பிசிவி 42 ஆனால் 20 சதவீத உயர்வு. கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவருக்குப் பிளேட்லெட் 80,000 இருந்தாலும் விடக்கூடாது. 15,000-க்கு இறங்கியும் கசிவோ ரத்தப்போக்கோ இல்லாமல், சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர் பெரும்பாலும் எதுவும் ஏற்றாமலே தேறிவிடுகிறார்.

ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும்போதுதான் வருகிறது. காய்ச்சல் தொடங்கி 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே, 24 முதல் 48 மணி நேரம். "காய்ச்சல் விட்டாச்சு, வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பதும் சரியாக அப்போதுதான்.

ஸ்டாஃப் நர்ஸ்:
பிரஷர் 100/80 என்று வந்தால் "100 இருக்கே" என்று சார்ட்டில் எழுதிவிட்டு நகரக்கூடாது. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் அது ஷாக். நோயாளி அப்போதும் தெளிவாகப் பேசுவார், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். கை சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று தொட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போக வேண்டும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சுருண்டு படுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. இடுப்பில் ஊசியும் கூடாது, தசைக்குள் ரத்தம் கட்டிவிடும்.

லேப் டெக்னீஷியன்:
நோயாளி நன்றாக இருக்கிறார், மெஷின் மட்டும் பிளேட்லெட் 12,000 காட்டுகிறது என்றால் ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற மருந்து போட்ட குழாயில் சிலருடைய பிளேட்லெட் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதை எண்ணாது. ரத்தம் எடுக்கத் தடுமாறி நேரமானாலும், குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டாலும் இதே கதைதான். உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சிட்ரேட் திரவம் உள்ள குழாயில் மறுபடி எடுத்து, திரவம் கலந்து நீர்ப்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள்.

ரத்த வங்கி:
ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் ஒரு பை பிளேட்லெட் 5,000 முதல் 10,000 வரைதான் ஏற்றும். டெங்குவில் அதுவும் நிலைப்பதில்லை, உடலே அழித்துவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் பிளேட்லெட் 20,000-க்குள் இருந்த, பெரிய ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. முன்கூட்டியே ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் போகிறவருக்கு ஏற்றுவது வேறு விஷயம், அதில் தயங்க வேண்டாம். ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் யோசிக்கிறோம். கொடையாளரைத் தேடி குடும்பமே இரவெல்லாம் அலைவதைப் பார்க்கும்போது, இதை முதல் நாளே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

வார்டு டாக்டர்:
இரண்டு சேர்க்கிறேன். பிசிவி திடீரென்று இறங்கி, நாடி மட்டும் மோசமாகவே இருந்தால் உள்ளே ரத்தம் போகிறது. அவருக்கு வேண்டியது ரத்தம், இன்னொரு பாட்டில் சலைன் அல்ல. கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகவே ரத்தக்குழாய்க்குத் திரும்பும். பிளேட்லெட் இன்னும் 30,000-தானே என்று அப்போதும் டிரிப்ஸை ஓட விட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போய், பிசிவி நிலையாக இருந்தால் டிரிப்ஸை நிறுத்திவிடுங்கள். பிளேட்லெட் அடுத்த சில நாளில் தானே ஏறும்.