மறு: டயரின் ‘பீட்’ – மணியா, பூணா, கரையா?

நண்பர்களே, வணக்கம்.

பைக் டயரை நாமே தேர்ந்தெடுத்து நாமே மாட்டிக்கொள்வதற்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேர்வு செய்யும் பகுதி சிக்கலில்லாமல் முடிந்தது. பக்கச்சுவரில் 120/70 இசட்ஆர் 17, 58டபிள்யூ என்று இருந்தால் அகலம் 120 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 84 மி.மீ., ரேடியல் கட்டு, 17 அங்குல ரிம். சுமைக் குறியீடு 58 என்றால் ஒரு டயர் 236 கிலோ தாங்கும். வேகக் குறியீடு டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. கடைசி நான்கு எண்கள் 2423 என்று இருந்தால் 2023-ன் 24-ஆவது வாரம் செய்த டயர். இதற்கெல்லாம் சொல் கைவசம் இருந்தது.

மாட்டும் பகுதிக்கு வந்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘பீட்’ என்பதற்கு என்ன எழுதுவது? ரிம்மோடு ஒட்டி உட்காருமே, டயரின் அந்த உள்ளோரம். அகராதியைத் திறந்தால் ‘மணி’ என்கிறது. “டயரின் மணியை ரிம்மிலிருந்து பிரிக்கவும்” என்று எழுதினால் படிப்பவர் ஹாரனைக் கழற்றத் தொடங்கிவிடுவார். உதவுங்கள்.

———

> அகராதியைத் திறந்தால் ‘மணி’ என்கிறது.

தம்பி, அகராதி தப்பில்லை. நீங்கள் பார்க்க வேண்டிய பொருள் அதற்கு இரண்டு வரி கீழே இருந்திருக்கும். இது கழுத்தில் போடும் மணி அல்ல. தச்சர் மேசை ஓரத்தில் அடிக்கும் ‘பீடிங்’. ஓரமாக, உருண்டு தடித்து ஓடும் வரம்பு.

நான் வேறு வழியில் வருகிறேன். சக்கரத்தைப் பொறுத்தவரை தமிழ் ஏழை மொழி அல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம் உண்டு, ஆரக்கால் உண்டு, வட்டை உண்டு, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா உண்டு. அந்தப் பட்டாவைச் சூடேற்றி வட்டையின் மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். உலக்கை நுனியில் பூண் இறுகியிருப்பதும் இப்படித்தான். டயரின் உள்ளோரத்துக்குள்ளும் நீளாத எஃகுக் கம்பி வளையம் ஒன்று இருந்து ரிம்மை இறுக்குகிறது அல்லவா? அது செய்வது பூணின் வேலை. ஆகவே என் பரிந்துரை: பூண். சின்னச் சொல். பூணுதல் என்ற வினையும் கூடவே வருகிறது. “டயர் ரிம்மைப் பூண்டது” என்று எழுதிப் பாருங்கள், காதுக்கு நன்றாக இருக்கும்.

———

ஐயா, பூண் நல்ல சொல். ஆனால் அது முழு ‘பீட்’டுக்கும் பொருந்துமா என்பதுதான் என் தயக்கம். இதில் ஒரு பழைய கதை இருக்கிறது.

1888-ல் ஜான் பாய்ட் டன்லப் செய்த காற்று டயருக்கு நாம் பேசும் இந்த உறுப்பே கிடையாது. துணியைச் சுற்றி ரிம்மோடு ஒட்டிவிட்டார்கள். பஞ்சர் என்றால் பிய்த்தெடுக்க வேண்டியதுதான். 1890-ல் இரண்டு தீர்வுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட் டயரின் ஓரத்தை ரப்பராலேயே தடிக்க வைத்து, வளைந்த ரிம்முக்குள் கொக்கிபோல் மாட்டினார். அந்தத் தடிப்புக்குத்தான் ‘பீட்’ என்ற பெயர் பொருத்தம். சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் ஓரத்துக்குள் நீளாத கம்பியை வைத்தார். நாம் இன்று ஓட்டுவதெல்லாம் வெல்ச் வழி வந்தவை. பெயர் மட்டும் தோற்றுப்போன போட்டியாளரின் வடிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டது! ஆங்கிலச் சொல்லே பொருளை விட்டு நகர்ந்துவிட்ட பிறகு நாம் அதன் பின்னால் மணியைத் தேடி ஓட வேண்டியதில்லை. உறுப்பைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

உறுப்பைப் பார்த்தால், கம்பி வெளியே தெரிவதே இல்லை. டயரின் உடலுக்குள் ஓடும் இழைகள் ஓரத்துக்கு வந்ததும் அந்தக் கம்பி வளையத்தைச் சுற்றி மடங்கி, மறுபடி மேலே ஏறுகின்றன. அதன் மேல் ரப்பர். நம் கையில் படுவது இந்த ரப்பர் ஓரம். அதற்குத்தான் சோப்புத் தண்ணீர் தடவுகிறோம், அதைத்தான் லீவரால் நெம்புகிறோம், அதில்தான் வெட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். “பூணில் சோப்பு தடவவும்” என்றால் படிப்பவர் எங்கே அந்த இரும்பு வளையம் என்று தேடுவார். பூண் என்பது தனியாகக் கழற்றக்கூடிய பொருள். இது டயரிலிருந்து பிரிக்க முடியாத பகுதி.

தறியை நினைத்துப் பாருங்கள். ஊடை நூல் ஓரம் வரை ஓடி, மடங்கித் திரும்புகிறது. அங்கே நெசவு அடர்த்தியாகி, துணி பிரியாமல் நிற்கிறது. அதைக் கரை என்கிறோம். வேட்டியின் கரை வேட்டியிலிருந்து வேறு பொருள் அல்ல, ஆனால் வேட்டியைவிட உறுதியானது. இழை மடங்கித் திரும்புவது, அடர்வது, முடிவது எல்லாமே டயரிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே ‘பீட்’ = கரை. உள்ளே இருக்கும் கம்பி வளையத்துக்கு உங்கள் பூணை எடுத்துக்கொள்வோம். கரைக்குள் பூண்.

இன்னொரு வசதி, டயருக்கு இந்த உறுப்பு இரண்டு. ஆற்றுக்கும் அப்படித்தான். இடக்கரை, வலக்கரை. (இடக்கர் அடக்கல் நினைவுக்கு வந்து யாராவது சிரித்தால் நான் பொறுப்பல்ல.)

———

கரை பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு கேள்விகள்.

ஒன்று, பேசும்போது ‘கறை’ என்று காதில் விழாதா? “டயரில் கரை சரியில்லை” என்றால் பையன் துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வருவான். இரண்டு, பட்டறையில் எல்லாரும் ‘பீட்’ என்றுதான் சொல்கிறார்கள். ரிம், வால்வு, ட்யூப் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

———

> இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

நியாயமான கேள்வி. ரிம்மும் வால்வும் கண்ணுக்குத் தெரிபவை. ஒருமுறை விரலால் காட்டினால் போதும், பெயர் எந்த மொழியில் இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ‘பீட்’ அப்படி இல்லை. டயர் மாட்டும்போது அது ரிம்முக்குள் போய் மறைந்துவிடுகிறது. எழுத்தை மட்டும் நம்பி வேலை செய்கிறவருக்கு அந்தச் சொல்லே ஒரு படம் காட்ட வேண்டும். பட்டறையில் ‘பீட்’ என்று பேசிக்கொள்ளட்டும், யாரும் தடுக்கவில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக நானே டயர் மாட்டியபோது கையிலிருந்த ஆங்கிலக் குறிப்பில் எதிர்ப்பக்க ‘பீட்’டைப் பள்ளத்தில் தள்ளி வைத்துக்கொள் என்று ஒரு வரி. எதை எங்கே தள்ளுவது என்று புரியாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கடைசி ஒரு சாண் ரிம்முக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. லீவர் சின்னது என்று நினைத்து அதில் ஒரு குழாயைச் செருகி, ஏறி மிதித்தேன். ‘டக்’ என்றது. புது டயரின் ஓரம் கிழிந்து உள்ளே கம்பி பளபளத்தது. டயர் குப்பைக்குப் போனது. அதைக் காற்றடித்துப் பார்க்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். கம்பி போன ஓரம் காற்றின் அழுத்தத்தில் ரிம்மைத் தாண்டி வெளியே வந்தால் டயர் வெடிக்கும்.

ஏன் இறங்கவில்லை? கம்பி நீளாது. ரிம்மின் வெளிவிளிம்போ கம்பி வளையத்தைவிடப் பெரியது. சின்ன வளையத்தைப் பெரிய வட்டத்தின் மேல் ஏற்ற முடியாது, எவ்வளவு பலம் இருந்தாலும். ஆனால் ரிம்மின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அங்கே சுற்றளவு குறைவு. வளையத்தின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால், இறங்கிய அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அதுதான் முழு சூட்சுமமும். சரியாகப் பள்ளத்தில் இருந்தால் கடைசிச் சாணுக்கு முழங்கையின் பலம்கூட வேண்டாம். லீவர் அடம்பிடிக்கிறது என்றால் எதிர்க்கரை மேலே ஏறிவிட்டது என்று பொருள். இந்த வாக்கியத்தில் ‘எதிர்க்கரை’ என்று நான் எழுதியதைக் கவனித்தீர்களா? எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

கறைக் குழப்பம் இருக்கத்தான் செய்யும். தனியாக வரும்போது ‘டயர்க்கரை’ என்று எழுதுவோம். மற்ற இடங்களில் பின்னால் வரும் வினை பார்த்துக்கொள்ளும்: கறை ஏறாது, படியும்.

வினைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழற்றும்போது ரிம்மோடு ஒட்டிக்கிடக்கும் ஓரத்தை முதலில் விடுவிப்பதை ஆங்கிலத்தில் ‘உடைப்பது’ என்பார்கள். அதை அப்படியே தமிழில் எடுத்துவிட வேண்டாம். “கரையை உடைக்கவும்” என்று படித்துவிட்டு ஒருவர் சுத்தியலோடு உட்கார்ந்தால் என் டயருக்கு நடந்ததுதான் நடக்கும். ‘கரை பெயர்த்தல்’ என்பது என் பரிந்துரை. பெயர்ப்பதில் பொருள் இடம் விட்டு நகரும், உடையாது.

அடுத்தது, காற்றடிக்கும்போது ஓரம் தன் இடத்தில் போய் உட்காருவது. ‘கரை அமர்தல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ரிம்மில் அந்த உட்காரும் இடம் தட்டையாக இல்லை. வெளிப்பக்கம் போகப்போக ஏறக்குறைய 5 பாகை உயர்கிறது. கரை பள்ளத்திலிருந்து கிளம்பி, ட்யூப்லெஸ் ரிம்மானால் வழியில் இருக்கும் சின்ன மேட்டையும் தாண்டி, அந்தச் சரிவில் ஏற ஏற இறுகுகிறது. அமர்வதில்லை, ஏறுகிறது. ஆகவே ‘கரையேறுதல்’. நமக்குப் பழகிய சொல், இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

———

தம்பி, பூணை உள்ளே தள்ளிவிட்டீர்களே என்று கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஊடை நூல் உவமைக்காகவே விட்டுக்கொடுக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். ‘கரையேறுதல்’ தன்வினை. காற்றடிப்பவர் செய்வது ‘கரையேற்றுதல்’. கையேட்டில் கட்டளை வாக்கியம்தான் வரும், அதைக் கவனியுங்கள்.

———

அனைவருக்கும் நன்றி. உங்கள் சொற்களை வைத்து மாட்டும் பகுதியை எழுதிப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

“வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விடவும். இரு பக்கமும் கரையைப் பெயர்க்கவும். பழைய டயர் வந்ததும் ரிம்மில் கரை ஏறும் சரிவைத் துடைத்து, துருவோ பழைய ரப்பரோ இருந்தால் நீக்கவும். ட்யூப்லெஸ் டயரில் காற்று கசிவது பெரும்பாலும் இங்கேதான். புதிய டயரின் பக்கச்சுவரில் உள்ள சுழல் திசை அம்பு, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். வண்ணப் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைக்கவும். டயரின் எடை குறைந்த இடம் அது. இரு கரைகளிலும் சோப்புத் தண்ணீர் தடவவும். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். முதல் கரை பெரும்பாலும் கையாலேயே இறங்கிவிடும். இரண்டாவது கரையை வால்வுக்கு எதிரே தொடங்கி, அங்கே முழங்காலால் அழுத்தி நடுப்பள்ளத்தில் இருத்தி, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக நெம்பி வந்து வால்வருகே முடிக்கவும். பிறகு சற்று விலகி நின்று காற்றடித்துக் கரையேற்றவும். இடக்கரைக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என ‘டப்’ சத்தம் கேட்கும். 40 பிஎஸ்ஐ வரை வந்தும் ஏறவில்லை என்றால் மேலே போக வேண்டாம். காற்றை விட்டு, மறுபடி சோப்பு தடவி முயலவும். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருந்தால் கரை முழுவதும் ஏறிவிட்டது. எங்காவது உள்வாங்கியிருந்தால் அங்கே ஏறவில்லை. கடைசியாக உள்ளூசியைப் போட்டு, வண்டிக்குச் சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டுவரவும்.”

———

இடறல் இல்லை. ‘உள்ளூசி’யும் நன்றாக இருக்கிறது, யாரையும் கேட்காமலே வைத்துவிட்டீர்கள்.

ஆனால் அம்பு பற்றிய வரியைத் திருத்துங்கள். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஓர் அம்பு, பின்சக்கரத்துக்கு ஓர் அம்பு என்று எதிரெதிர்த் திசையில் இரண்டு இருக்கும். முன்சக்கரத்தில் பெரிய விசை பிரேக்கில் வருகிறது, பின்சக்கரத்தில் எஞ்சின் இழுப்பில். இரண்டும் தரையில் எதிரெதிராக வேலை செய்கின்றன. “எந்தச் சக்கரத்தில் மாட்டுகிறீர்களோ அதற்குரிய அம்பு” என்று மாற்றுங்கள். இன்னொன்று, ட்யூப் உள்ள டயரானால் இரண்டாவது கரையை நெம்புவதற்கு முன் ட்யூபில் அது உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லீவர் ட்யூபைக் கரையோடு சேர்த்துக் கடித்துவிடும். அந்தக் கடிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் தனி மடலில் தொடங்குங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.