பாக் நீரிணையின் அரசியலை எழுதியது கடலா, கோடா?

பாம்பன் வடகடலான் எழுதியது:

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நிற்பவருக்கு இரண்டு கடல்கள் தெரியும். வடக்கே இருப்பது பாக் விரிகுடா. நாங்கள் அதை வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். படகை எந்தப் பக்கம் கட்டுவது, எந்த வலையை எடுப்பது என்று எங்கள் முன்னோர் முடிவெடுத்ததெல்லாம் இந்தக் கிடப்பைப் பார்த்துத்தான். நாடுகளின் அரசியலும் இப்படித்தான் நிலத்தின் கிடப்பிலிருந்து பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதை இங்கே விவாதிக்க விரும்புகிறேன்.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு தீடைகள் எனப்படும் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதனால் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெருங்கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். கொழும்புத் துறைமுகத்தின் செல்வாக்கில் எங்கள் ஊர் மணலுக்கும் பங்கு உண்டு. 2005-இல் சேதுக் கால்வாய்த் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

பிற நாடுகளைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. கடற்கரை இல்லாத பொலிவியா, ஒரு துறைமுகத்துக்காக நூறாண்டுக்கும் மேலாகச் சிலியோடு மன்றாடிக்கொண்டிருக்கிறது. கடலே இல்லாத அந்த நாட்டுக்குக் கடற்படை இருக்கிறது, டிடிகாகா ஏரியில் அது பயிற்சி செய்கிறது. மழையைத் தேக்க இடம் போதாத சிங்கப்பூர், 1962-இல் ஜொகூரோடு செய்துகொண்ட தண்ணீர் ஒப்பந்தத்தை 2061 வரைக்கும் காப்பாற்றியாக வேண்டிய நிலையில் இருக்கிறது. எகிப்தின் அயலுறவு முழுவதும் நைல் என்னும் ஒரே ஆற்றின் மீது நிற்கிறது. தலைவர்கள் மாறுவார்கள், கட்சிகள் மாறும். மலையும் ஆறும் கடலும் இருந்த இடத்தில் இருக்கும்.


கீழக்கரைத் தெருவாசி எழுதியது:

பாம்பன் சகோதரர் அழகாகத் தொடங்கியிருக்கிறார். ஆனால் அவர் கொடுத்த சான்றுகளே அவருக்கு எதிராகப் பேசுகின்றன.

பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது. 1879-இல் தொடங்கிய பசிபிக் போரில் அதைச் சிலி கைப்பற்றியது. 1904 ஒப்பந்தம் அந்த இழப்பைச் சட்டமாக்கியது. 2018-இல் அனைத்துலக நீதிமன்றம், பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆண்டீஸ் மலை அன்றும் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. நைலை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்துக்குச் சேரும் நீரில் மிகப் பெரும்பகுதி எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழை. ஆற்றின் தலைமாட்டில் இருப்பவருக்கே வலிமை என்றால், 1959 ஒப்பந்தம் எப்படி எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டரும் சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டரும் பிரித்துக்கொடுத்துவிட்டு, எத்தியோப்பியாவை அழைக்காமலேயே கையெழுத்தானது? சேதுக் கால்வாயை நிறுத்தியதும் மணல் இல்லை. 2007-இல் தீடைப் பகுதியைத் தோண்டுவதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; அதைச் சுற்றி நடந்த அரசியல் நம் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். 1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது. ஆனாலும் அதன் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்றது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீரில் காலங்காலமாகப் பெற்றிருந்த உரிமைகளைத் தொடரலாம் என்றது. 1976 மார்ச்சில் இரு நாட்டு அயலுறவுச் செயலர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டு நீரில் தொழில் செய்யக்கூடாது என்று அதில் எழுதினார்கள். அந்த நேரத்தில் நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டின் அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. கேள்வி கேட்பதற்குச் சட்டமன்றம் கூட இல்லாத ஒரு வசந்தத்தில் நம் கடலின் மீது கோடு கெட்டிப்பட்டது. இதில் நீரின் ஆழத்துக்கு என்ன வேலை?

வேறு விதமாகவும் கோடு போட முடியும் என்பதற்கு அதே பத்தாண்டிலேயே சான்று இருக்கிறது. 1975-இல் விடுதலை பெற்ற பாப்புவா நியூ கினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே டாரஸ் நீரிணை. நம்முடையதைப் போலவே ஆழம் குறைந்தது, பவளப்பார் நிறைந்தது, இரு கரையிலும் உறவுக்காரர் வாழ்வது. 1978-இல் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் உண்டு: கடலடித் தரைக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று. அதோடு, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட ஊர்களின் மரபுவழி மக்கள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றி ஒரு பாதுகாப்பு வலயத்துக்குள் போய்வரலாம், மீன் பிடிக்கலாம், பண்டமாற்றுச் செய்யலாம். நிலக்கிடப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு அரசுகள் உட்கார்ந்து யோசித்த விதம்தான் வேறு.


பாம்பன் வடகடலான் எழுதியது:

டாரஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அது என்னைச் சிந்திக்க வைத்தது. ஆயினும் இரண்டு இடங்களில் நான் இறங்கிவர மாட்டேன்.

முதலாவது நைல். 1959-இன் ஏற்பாடு அரை நூற்றாண்டு தாங்கியது உண்மை. 2011-இல் எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே அணை கட்டத் தொடங்கியது, 2025-இல் அதைத் திறந்தும் வைத்துவிட்டது. தலைமாட்டில் இருப்பவர் ஏழையாக இருக்கும் வரைக்கும் காகிதம் செல்லும். அவர் கையில் காசு சேர்ந்ததும் மேட்டுநிலம் தன் உரிமையைக் கேட்கும்.

இரண்டாவது நம் கடல். டாரஸ் தீவுகளில் வாழ்பவர் சில ஆயிரம் பேர். நம் கரையில் ஒரே துறையிலிருந்து ஒரே நாளில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டு வாங்கிப் புறப்படுகின்றன. அவை ஏன் இங்கே குவிந்தன? வடகடலின் அடி சமமானது, சேறும் மணலும் கலந்தது, இறால் நிறைந்தது. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடிக்கு இதைவிடத் தோதான தரை கிடைக்காது. நம் பக்கத்துக் கடல் அகலம் குறைந்தது, மடி ஓரிரு மணி நேரம் இழுபட்டாலே கோடு வந்துவிடுகிறது. இந்தக் கிடப்பில் யார் ஆட்சி செய்தாலும் மோதல் வந்தே தீரும் என்பதை மறுக்க முடியுமா?


பேசாலை மகன் எழுதியது:

நான் மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்தவன். 1990-இல் ஒரு இரவில் பெற்றோர் என்னைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் இராமேசுவரம் வந்து சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் வளர்ந்தேன், போர் முடிந்த பின் திரும்பினேன். அந்த முகாமின் கதையே உங்கள் விவாதத்துக்கு ஒரு சான்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்க அமைந்த இடம் அது. பிறகு அதே இடத்தில் இலங்கையிலிருந்து ஓடிவந்த எங்களைத் தங்க வைத்தார்கள். கடல் அதே கடல். ஆள்கள் போகும் திசையை மட்டும் காலம் திருப்பிப் போட்டது.

பாம்பன் அண்ணருக்கு ஒரு சொல். மோதல் வந்தே தீரும் என்று எழுதிவிட்டீர்கள். அதை நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் திங்கள், புதன், சனி என்றால் இழுவைப்படகு வரும் இரவுகள் என்று பொருள். அந்த நாட்களில் பலர் வலை விடுவதில்லை. போன மாதம் துணிந்து ஓர் இரவு விட்டேன். விடியற்காலையில் மிதப்பைப் பிடித்து இழுத்தபோது கயிறு கனமில்லாமல் வந்தது. பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம்) வந்தபின் நுனி தெரிந்தது. கத்தியால் வெட்டியதைப் போல நேராக இல்லை, இழுபட்டுப் பிய்ந்து, நார் நாராக விரிந்திருந்தது. வலை முழுவதும் போய்விட்டது. கடன் மட்டும் மிஞ்சியது. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. எங்கள் ஆட்களுக்கும் அது பொருந்தும். நீங்கள் இருவரும் கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கோட்டைவிடப் பெரியது மடி.


கீழக்கரைத் தெருவாசி எழுதியது:

பேசாலைத் தம்பியின் வலைக்கு நேர்ந்தது எங்களுக்கும் வெட்கம். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

சேற்றுத் தரையும் இறாலும் ஆயிரம் ஆண்டுகளாக அங்கேதான் இருந்தன. இழுவைப்படகு வந்தது 1950-களுக்குப் பின்னர். 1952-இல் கையெழுத்தாகிக் கேரளத்தில் நடந்த இந்திய–நார்வே திட்டம் விசைப்படகுக்கு வழிகாட்டியது. இறால் ஏற்றுமதியால் டாலர் வரும் என்று கண்ட அரசுகள் கடனும் மானியமும் கொடுத்துப் படகு கட்ட வைத்தன. அதன் பின் அக்கரையில் போர் மூண்டது. பாதுகாப்பு என்ற பெயரில் வடமாகாண மீனவரைக் கடலில் இறங்கவிடாமல் வைத்திருந்த அந்த ஆண்டுகளில், ஆளில்லாத நீரில் மடி இழுக்க நம் படகுகள் பழகிவிட்டன. போர் ஓய்ந்து உரியவர் திரும்பி வந்ததும், பழகியதை உரிமை என்று பேசுகிறோம். இந்தக் கதையில் எந்த இடத்தில் தரை தீர்மானித்தது? ஒவ்வொரு படியிலும் ஓர் அரசாணை இருக்கிறது.

இன்னும் சிறிய சான்று கடல் அட்டை. ஒரே விரிகுடா, ஒரே சேறு, ஒரே உயிர். நம் பக்கத்தில் 2001 முதல் அது புலியைப் போலக் காக்கப்படும் விலங்கு, எடுத்தால் சிறை. அக்கரையில் உரிமம் பெற்றுப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், ஏற்றுமதி செய்கிறார்கள். நடுவில் இருப்பது சட்டம் ஒன்றே.

நார்வேயையும் பாருங்கள். நேட்டோவில் இருந்த நார்வேயும் சோவியத் ஒன்றியமும் 1970-களின் நடுவிலேயே ஒரு கூட்டு மீன்வள ஆணையம் அமைத்து, பாரென்ட்ஸ் கடலின் காட் மீனை ஆண்டுதோறும் பங்கிட்டுக்கொண்டன. அவர்களின் கடல் எல்லைத் தகராறு தீர்ந்தது 2010-இல். ஆக, எல்லை முடிவாகாத காலத்திலும் மீனைப் பங்கிட முடிந்திருக்கிறது. நமக்கு எல்லை முடிவாகி 50 ஆண்டாகிறது. மீனுக்குத்தான் வழி பிறக்கவில்லை.


சின்னப்பாலம் பாசிக்காரி எழுதியது:

அண்ணன்மார் மூவரும் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே உள்ள கோட்டையே பேசுகிறீர்கள். நாங்கள் தென்கடல் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் பறித்துச் சாக்கில் போடுவோம். 1986-இல் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். என் தாய் தங்கிச் சமைத்துச் சாப்பிட்ட தீவில் நான் கால் வைத்தால் குற்றம். பவளப்பாரைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதமே. பார் செத்தால் பாசியும் இல்லை. ஆனால் கோடு போடும்போது அந்தத் தண்ணீரில் அன்றாடம் இறங்குகிறவளை யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கோடானாலும் உள்நாட்டுக் கோடானாலும் போடும் விதம் ஒன்றாகவே இருக்கிறது.


பாம்பன் வடகடலான் எழுதியது:

மோதல் வந்தே தீரும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பிய்ந்த கயிற்றைப் பற்றிப் படித்த பிறகு அந்த வாக்கியத்தை வைத்திருக்க எனக்கு மனமில்லை. வலையை அறுத்தது தரை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கீழக்கரைச் சகோதரர் காட்டிய நார்வேச் சான்றில் அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தக் காட் மீன் நார்வேக் கரையோரம் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு கிழக்கே போய்ப் பாரென்ட்ஸ் கடலில், ரஷ்யப் பக்கத்திலும் வளர்கின்றன. குஞ்சிலேயே ஒருவர் வாரிவிட்டால் மற்றவருக்கு மீன் கிடையாது. பகைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது அந்த மீனின் வழித்தடம். அரசியலுக்கு அங்கே கடல் சொல்லிக்கொடுத்தது, இவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம் வடகடலும் அதையே சொல்கிறது. ஆழமில்லாத ஒரே கிண்ணம் இது. இங்கே அடியைச் சுரண்டினால் அங்கேயும் மீன் குறையும். கேட்காமல் இருந்தது நாம். இந்த அளவுக்கு என் கட்சியை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

பேசாலைத் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். நம் கரையிலேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் அடிதடி நடந்து, வாரத்தில் 3 நாள் அவர்களுக்கு, 4 நாள் இவர்களுக்கு என்று முறை வைத்தார்கள். குறைகள் இருந்தாலும் இன்றும் அது ஓடுகிறது. அதேபோல இரு கரை மீனவரும் உட்கார்ந்து நாள் பிரித்துக்கொண்டால் உங்கள் ஊர் ஏற்குமா?


பேசாலை மகன் எழுதியது:

அண்ணர், நாள் பிரிப்பதைப் பற்றி எங்கள் சங்கத்தில் பேச ஆள் உண்டு. உங்கள் கரையின் வத்தை என்னும் சிறு படகும் நாட்டுப்படகும் செவுள் வலையோடு வந்தால், எங்களில் வயதானவர்கள் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் அவர்கள் இன்னும் உங்கள் ஊரார் பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள். இழுவை மடிக்கு ஒரு நாளும் தர மாட்டோம், ஒரு மணி நேரமும் தர மாட்டோம். முதலில் மடியை நிறுத்தும் தேதியைச் சொல்லுங்கள். கிழமைகளைப் பிறகு பேசலாம்.